மேட்டில் மூச்சு வாங்கும் நீராவி இன்ஜின்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் வரை 5 மைல் ஓடுகிறது கீத்லி – வொர்த் பள்ளத்தாக்கு ரயில்பாதை. 1867-ல் திறந்த கிளைப் பாதை. 1962-ல் அரசு ரயில்வே அதை முழுதாகக் கைவிட்டது. ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சங்கம் சேர்ந்து, 1968 ஜூன் 29 அன்று மறுபடி ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். டிக்கெட் கொடுப்பவர் முதல் இன்ஜின் ஓட்டுபவர் வரை இன்றைக்கும் பெரும்பாலோர் தொண்டர்கள்தான்.

தூரம் குறைவு என்பதால் வேலை லேசு என்று எண்ணிவிடக் கூடாது. கீத்லியை விட்டதுமே 60 அடிக்கு 1 அடிக்கும் சற்றுக் கூடுதலான ஏற்றம், அதற்குள்ளேயே இங்ரோ சுரங்கம், பிறகு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று எழ வேண்டும். ஆக்ஸன்ஹோப்பில் சும்மா நிற்கும்போது தீ தூங்கிவிடும். கீத்லியில் கிளம்பும்போது முழு பலம் வேண்டும். கோளாறுகள் தலைகாட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கண்ணில் படும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறொன்று என்பதே இங்கே வழக்கம். பிரேக் இழுக்கிறது என்று டிரைவர் சொல்வார், குறை தீயில் இருக்கும். தீ சரியில்லை என்று கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் சொல்வார், குறை ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்முனையில், புகைபோக்கிக்கு அடியில் உள்ள அறை) கதவில் இருக்கும்.

கீழே உள்ளவை நிலக்கரியில் ஓடும், வேக்குவம் (வெற்றிட) பிரேக் உள்ள, இரண்டு சிலிண்டர் கிளைப்பாதை இன்ஜின்களுக்கு. 1968-ல் முதல் ரயிலை இழுத்த இரு இன்ஜின்களில் ஒன்றான 41241 அந்த வகை. பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு. நம்ம ஊட்டி மலை ரயிலின் எண்ணெய் எரிக்கும் இன்ஜின்களுக்குத் தீயைப் பற்றிய பகுதி பொருந்தாது. தண்ணீரையும் அதைப் பாய்லருக்குள் செலுத்தும் இன்ஜெக்டரையும் பற்றியவை அங்கேயும் பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதல் பார்வை தண்ணீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸுக்கு

மற்ற எது கெட்டாலும் ரயில் தாமதமாகும். தண்ணீர் குறைந்தால் ஆள் போய்விடும். தீ எரியும் அறையான ஃபயர்பாக்ஸின் மேல்தகடு தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் தாங்கும்; வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் பழுக்கக் காய்ந்து, அழுத்தத்தில் கீழே வளையும். அதனால் வேறெதைத் தொடுவதற்கு முன்னும் கிளாஸ் காட்டும் அளவு உண்மையா என்று பாருங்கள்.

1. மேல் திருகு, கீழ்த் திருகு இரண்டையும் மூடி, வடிகால் திருகைத் திறக்கவும். கிளாஸ் காலியாக வேண்டும்.
2. கீழ்த் திருகை மட்டும் திறக்கவும். தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். மூடவும்.
3. மேல் திருகை மட்டும் திறக்கவும். நீராவி சீற வேண்டும். மூடவும்.
4. வடிகாலை மூடி, மேலும் கீழும் திறக்கவும். தண்ணீர் துள்ளி மேலே வந்து, நின்ற இடத்தில் லேசாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

சோம்பலாக ஏறினால் வழியில் எங்கோ உப்புப் படிவு அடைத்திருக்கிறது. ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீரை நம்பவே கூடாது. மேல் வழி அடைத்தால், உள்ளே சிக்கிய நீராவி குளிர்ந்து தண்ணீராகி, கிளாஸ் நிறைந்தது போலக் காட்டும். பாய்லரில் தண்ணீர் போதாதபோது கிளாஸ் நிறைவாகக் காட்டுவதைவிட மோசமான பொய் இன்ஜினில் வேறில்லை.

கிளாஸ் முழுதும் நிறைந்திருக்கிறதா, முழுதும் காலியா என்ற சந்தேகம் புதியவர்களுக்கு அடிக்கடி வரும். இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். கிளாஸுக்குப் பின்னால் உள்ள தகட்டில் கறுப்பு வெள்ளைச் சாய்கோடுகள் இருப்பது இதற்காகத்தான். வெறும் கிளாஸின் வழியே பார்த்தால் கோடு தகட்டில் இருக்கும் சாய்விலேயே தெரியும். தண்ணீர் இருந்தால் அது ஒளியை வளைத்து, கோட்டைத் தடிப்பாக்கி, எதிர்ப்பக்கம் சாய்த்துக் காட்டும். கோடு திரும்பும் இடமே தண்ணீர்மட்டம். டிரைவர் நிற்கும் கேபுக்குள் வெளிச்சம் மங்கும் சுரங்கத்தில்கூட ஒரு கைவிளக்கு இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

சரிவையும் கணக்கில் வையுங்கள். இந்தப் பாதையில் இன்ஜின்களைப் புகைபோக்கி மேட்டுப் பக்கம் பார்க்கும்படி நிறுத்துவது வழக்கம். மேட்டில் தண்ணீர் பின்னால், ஃபயர்பாக்ஸ் பக்கம் சேரும். பாய்லரின் நடுப்பகுதியிலிருந்து கிளாஸ் ஏழெட்டு அடி தள்ளி இருப்பதால், இந்தச் சரிவில் கிளாஸ் ஒன்றரை அங்குலம் வரை கூடுதலாகக் காட்டும். ஸ்டேஷன் சமதளத்துக்கு வந்ததும் அது இறங்கிவிடும். மேட்டில் அரைக் கிளாஸ் பார்த்துத் திருப்தியடைந்தவர் சமதளத்தில் திடுக்கிடுவார்.

“நீராவி ஏறமாட்டேன் என்கிறது”

எப்போது தொடங்கியது என்பதே முதல் கேள்வி. காலையிலிருந்தேவா, போகப் போகவா, சட்டென்றா?

காலையிலிருந்தே என்றால் முந்தின வேலை முடிந்தபோது சுத்தம் செய்யாமல் விட்டிருப்பார்கள். தீயின் சூட்டைப் பாய்லர் தண்ணீர் நடுவே கொண்டுபோகும் குழாய்களில் சாம்பல் அடைந்திருக்கும், அல்லது ஸ்மோக்பாக்ஸில் நெருப்புப்பொறியைத் தடுக்கும் வலை மூடியிருக்கும். தண்டவாள ஓரப் புல் காய்ந்து கிடக்கும் கோடையில் இந்த வலை கட்டாயம் வேண்டும். கழற்றிவிடும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். எடுத்துத் துலக்கி மாட்டுங்கள்.

போகப் போகக் குறைந்தால் கிளிங்கர். நிலக்கரியின் சாம்பல் உருகிக் கண்ணாடிபோலாகி, தீக்கு அடியில் உள்ள தட்டியின் கம்பியிடுக்கில் ஒட்டிக் காற்றை மறிக்கிறது. தீயைப் பார்ப்பதைவிட, குனிந்து சாம்பல் தட்டைப் பாருங்கள். கம்பியிடுக்கு வழியாக வெளிச்சம் சாம்பல் தட்டில் விழுந்தால் காற்றுப் போகிறது. இருட்டாக இருக்கும் இடத்துக்கு நேர் மேலே கிளிங்கர். நீளக் கம்பியால் அடியில் நெம்பி உடைத்து, துண்டாக வெளியே எடுக்க வேண்டும். அடித்தீயை மேலே கிளறிப் புரட்டக் கூடாது. சாம்பல் சூடான இடத்துக்கு வந்து மறுபடி உருகி, இரண்டு மடங்கு கிளிங்கர் கிடைக்கும். அடுத்த நாள் தீ மூட்டுமுன் வெறும் கம்பிகள் மேல் உடைந்த தீச்செங்கல் துண்டுகளையோ சுண்ணாம்புக்கல் சில்லுகளையோ ஒரு படுக்கையாகப் பரப்பினால் கிளிங்கர் கம்பியில் ஒட்டாது.

இப்போது இந்தத் தொல்லை கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. வேல்ஸின் மெர்த்தர் டிட்ஃபில் அருகே இருந்த ஃபோஸ்-இ-ஃபிரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியது. அதன்பின் பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் வெளிநாட்டு நிலக்கரியையும் அச்சில் அழுத்திச் செய்த உருண்டைக் கரியையும் மாற்றி மாற்றி எரிக்கின்றன. வேல்ஸ் கரிக்குப் பின்பக்கம் வைக்கோல்போர் மாதிரிக் குவித்த தடித்த தீ ஒத்துவரும். புகை அதிகம் விடும் கடின ரகத்துக்கு மெல்லிய தீ, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. புதுச் சரக்கு வந்தால் பழைய பழக்கத்தை மூட்டை கட்டிவையுங்கள். கட்டிகளை முஷ்டி அளவுக்கு உடைத்து, ஒரு சுற்றுக்கு 4 முதல் 6 வாரி மட்டும் போட்டு, புகைபோக்கியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டதும் சாம்பல் நிறப் புகை எழுந்து, சற்றில் மெல்லிய மூட்டமாக வேண்டும். கருத்துத் தொடர்ந்தால் கதவை விரல் அகலம் திறந்து மேற்காற்று விடுங்கள். புகையே இல்லாவிட்டால் தீயில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

சட்டென்று குறைந்தால் நாலு சந்தேகம். ஒன்று அந்த ஓட்டைதான்: தீயில் ஒரு இடம் மட்டும் கண் கூசும் வெள்ளையாக, கரி துள்ளிக்கொண்டு இருக்கும். அந்த இடத்தில் கரி போட்டால் தீர்ந்தது. இரண்டாவது, குழாய் கசிவு: ரெகுலேட்டர் (சிலிண்டருக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் வால்வு) மூடியிருந்தாலும் ஃபயர்பாக்ஸுக்குள் சீறல் கேட்கும், குழாய்த் தகட்டில் ஈரம் தெரியும். மூன்றாவது, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் உள்ள இன்ஜினில் அதன் குழாய்க் கசிவு: ரெகுலேட்டர் திறந்தால் மட்டும் ஸ்மோக்பாக்ஸில் இரைச்சல், தீயின் இழுப்பு செத்துவிடும். இந்த இரண்டையும் வழியில் சரிசெய்ய வழியில்லை. இன்ஜினை வேலையிலிருந்து எடுக்க வேண்டும்.

நான்காவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஸ்மோக்பாக்ஸ் கதவு சரியாக மூடாமல் காற்று உள்ளே போவது. தீயை இழுப்பது ஸ்மோக்பாக்ஸின் வெற்றிடம். கதவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால்கூட, காற்று தீ வழியாக வராமல் நேராக அங்கே புகும். கதவின் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே குவிந்த கரித்துகள் அந்தக் காற்றில் எரிகிறது என்று பொருள். உறுதிசெய்ய: இன்ஜின் நிற்கும்போது புளோயரை (புகைபோக்கிக்குள் நீராவி பீய்ச்சி இழுப்பு உண்டாக்கும் குழாய்) நன்றாகத் திறந்து, புகையும் துணியைக் கதவின் விளிம்பைச் சுற்றிக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபடும் இடமே ஓட்டை. பெரும்பாலும் விளிம்பில் ஒட்டிய ஒரு சாம்பல் துணுக்குதான் காரணம். துடைத்துவிட்டு, சுற்றிலும் சமமாக இறுக்குங்கள். அந்தத் துணுக்குக்காக நாள் முழுதும் ஒரு ஃபயர்மேன் முதுகொடிய வாரிப் போட்டிருப்பார்.

“இன்ஜெக்டர் பிடிக்கவில்லை”

தண்ணீரைத் திற, நீராவியைத் திற, வழிகுழாயில் (மிச்சத் தண்ணீர் வெளியே வழியும் குழாய்) சொட்டு நிற்கும்வரை தண்ணீரைத் திருகிச் சரிசெய். பிடித்துவிட்டால் சீரான ஒரு ரீங்காரம் கேட்கும். பிடிக்காதபோது வழிகுழாயைப் பாருங்கள்.

வெறும் நீராவி மட்டும் வந்தால் தண்ணீர் வரவில்லை. டாங்க் வால்வு, வடிகட்டி, டாங்க் அளவு என்ற வரிசையில் பாருங்கள். வடிகட்டியில் பாதி நாள் ஆற்றுப் பாசியும் இலையும்தான்.

நீராவியும் தண்ணீரும் கலந்து தெறித்தால், குழாய் இணைப்பில் காற்று நுழைகிறது அல்லது உள்ளிருக்கும் கூம்புகளில் உப்புப் படிந்திருக்கிறது. இணைப்பு நட்டை இறுக்கிப் பார்க்கலாம். கூம்பை ஷெட்டில்தான் கழற்ற முடியும். கம்பியால் சுரண்டினால் துளை அளவு மாறி இன்ஜெக்டரே வீணாகும். ஆசிடில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்ஜெக்டரைத் திறக்காமலே அது சூடாக இருந்தால், பாய்லர் தண்ணீர் திரும்பி வருகிறது. ஒருவழி வால்வு சரியாக உட்காரவில்லை. வால்வுப் பெட்டியின் மேல் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பல நேரம் உட்கார்ந்துவிடும். லேசாக என்றால் லேசாகத்தான். அது வார்ப்பு உலோகம், உள்ளே 200 பவுண்டு அழுத்தம். பிறகு ஈரச் சாக்கைச் சுற்றி இன்ஜெக்டரைக் குளிரவைத்து மறுபடி முயலுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால், டாங்க் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வையுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் காரணம் அதுதான். நீராவி தண்ணீரில் குளிர்ந்து சுருங்குவதால்தான் இன்ஜெக்டர் வேலை செய்கிறது. வெந்நீரில் அது சுருங்காது. நீராவி வால்வு கசிந்து டாங்குக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் இந்த நிலை வரும். குளிர்ந்த தண்ணீர் நிரப்புங்கள், வால்வுக் கசிவைப் பழுது ஏட்டில் எழுதுங்கள்.

இரண்டு இன்ஜெக்டரும் போய், தண்ணீர் கிளாஸின் அடியை நோக்கி இறங்கினால் யோசிக்க நேரமில்லை. ரயிலை நிறுத்தி, தீக்கு அடியிலிருந்து காற்று விடும் கதவுகளான டாம்பர்களை மூடி, ஈரச் சாம்பலையோ நனைத்த பொடிக்கரியையோ தீ மேல் கொட்டி அமுக்குங்கள். கார்டுக்கும் சிக்னல்மேனுக்கும் சொல்லுங்கள். மேல்தகட்டில் உள்ள ஈயத் திருகு உருகி எச்சரிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. அது கடைசிக் காவல். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுவதற்குள் தகடு அடி வாங்கத் தொடங்கிவிட்டிருக்கும்.

“ரெகுலேட்டரை மூடியதும் தீ கேபுக்குள் பாய்கிறது”

இதைத் தடுக்கத்தான் வேண்டும். வந்தபின் பழுது பார்க்கும் விஷயமல்ல. இன்ஜின் மூச்சுவிடும்வரைதான், அதாவது சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே சீறும்வரைதான், தீக்கு இழுப்பு. ரெகுலேட்டரை மூடினால் இழுப்பு நிற்கும். சுரங்கத்துக்குள் மேலிருந்து காற்று அமுக்கினால் தீ கதவு வழியே வெளியே வரும். வரிசை மாறவே கூடாது: முதலில் புளோயரைத் திற, பிறகு ரெகுலேட்டரை மூடு. இங்ரோ சுரங்கத்துக்கு முன்பே ஃபயர்பாக்ஸ் கதவு மூடியிருக்க வேண்டும். புளோயர் திறந்தும் தீ தள்ளினால், ஸ்மோக்பாக்ஸுக்குள் புளோயர் குழாயின் இணைப்பு கழன்றிருக்கும். அந்த இன்ஜின் அன்றைக்கு ஓடக் கூடாது.

“புகைபோக்கியிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது”

வெள்ளையாக மழை மாதிரித் தெறித்து, மூச்சின் சத்தம் சொதசொதவென்று மாறினால் பாய்லர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை மோதினால் சிலிண்டர் மூடி பிளக்கும். உடனே சிலிண்டர் வடிகால்களைத் திறந்து, ரெகுலேட்டரை மெல்லக் குறையுங்கள். அந்நேரம் கிளாஸ் காட்டும் உயரம் பொய். நுரை தூக்கி நிறுத்தியிருக்கும்; ரெகுலேட்டர் மூடியதும் தடாலென இறங்கும். இறங்கியபின் உள்ளதே உண்மையான மட்டம்.

மேட்டுக்கு முன் பயந்து பாய்லரை நிரப்பி வைத்ததும், ரெகுலேட்டரைச் சட்டென்று திறந்ததும் வழக்கமான காரணங்கள். இரண்டும் இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்த உப்பு கூடியிருக்கிறது. பாய்லர் கழுவும் நாள் நெருங்கும்போது இது தலையெடுக்கும். அடிவால்வைத் திறந்து கொஞ்சம் வெளியேற்றிப் புதுத்தண்ணீர் சேர்த்தால் அடுத்த கழுவல்வரை தாங்கும். எண்ணெய் ஒரு கரண்டி பாய்லருக்குள் போனாலும் நுரைக்கும். டாங்க் வாயில் எண்ணெய்க் கேனை வைக்காதீர்கள்.

“வேக்குவம் ஏறவில்லை”, “பிரேக் விடவில்லை”

ரயில் முழுக்க ஓடும் குழாயில் 21 அங்குலம் பாதரச அளவு வெற்றிடம் இருந்தால் பிரேக் விடும். ஏறாவிட்டால் முதலில் இன்ஜினை மட்டும் பிரித்து, அதன் ஹோஸ்களை மூடும் முளையில் மாட்டிப் பாருங்கள். 21 வந்தால் குறை பெட்டிகளில். பிறகு ரயிலைப் பாதியாக்குங்கள்: நடு ஹோஸைப் பிரித்து முளையில் மாட்டினால் முன் பாதியா பின் பாதியா என்று தெரியும். மறுபடி பாதி. 6 பெட்டி ரயிலில் மூன்றே முயற்சியில் பெட்டி தெரிந்துவிடும். அங்கே ஹோஸ் வாயின் ரப்பர் வளையம் கிழிந்திருக்கும், அல்லது பயணிகள் இழுக்கும் அபாயச் சங்கிலியின் வால்வு முழுதாக உட்காராமல் இருக்கும்.

இன்ஜினே தனியாக 21 தராவிட்டால் பிரேக்கைத் திட்டுவதற்கு முன் நீராவி அழுத்தத்தைப் பாருங்கள். வெற்றிடத்தை உண்டாக்கும் எஜெக்டருக்கும் உணவு நீராவிதான். அழுத்தம் விழுந்தால் வேக்குவம் விழும், பிரேக் லேசாகப் பிடிக்கும், இழுவை கூடும், நீராவி இன்னும் செலவாகும். ஏறும் வழியில் இந்தச் சுழலில் சிக்கினால் ரயில் நின்றேவிடும். தீர்வு தீயில் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனில் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்று அழுத்தம் ஏற்றிக்கொண்டு கிளம்புவதில் வெட்கமே இல்லை.

குழாயில் 21 இருந்தும் பெட்டிகள் பிரேக்கோடு இழுபட்டால் இன்ஜின் மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்கள் 25 அங்குலம் வைத்து ஓடியவை, மற்றவை 21. அப்படி ஒன்றைக் கழற்றி 21 இன்ஜினை மாட்டினால், பெட்டிகளின் பிரேக் சிலிண்டரில் பழைய 25 அப்படியே இருக்கும். அந்த வித்தியாசமே பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பெட்டியின் கீழும் தொங்கும் விடுவிப்புக் கயிற்றை இழுத்து, உஸ்ஸென்ற சத்தம் நிற்கும்வரை பிடித்திருங்கள். ஒரு பெட்டியையும் விடக் கூடாது.

ஹோஸைத் தொட்டு எது செய்தாலும் முடிவில் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு வால்வைத் திறந்து, இன்ஜினில் வேக்குவம் காட்டும் முள் விழுகிறதா என்று பார்த்தே கிளம்ப வேண்டும். முள் விழாவிட்டால் நடுவில் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை.

“மூச்சின் தாளம் தப்புகிறது”

இரண்டு சிலிண்டர் இன்ஜின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு விடும். ஒன்று பலவீனமாகவோ நேரம் தப்பியோ வந்தால் வால்வின் அமைப்பு நகர்ந்திருக்கிறது. மூச்சுகளுக்கு நடுவே தொடர்ந்து இரைந்தால் எங்கோ வளையம் தேய்ந்து நீராவி தப்புகிறது. எது என்று தெரிய, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கீழே யாரும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். சோதிக்கும் பக்கத்துக் கிராங்க் (பிஸ்டனின் தண்டு சக்கரத்தோடு இணையும் இடம்) நேர் மேலோ நேர் கீழோ நிற்கட்டும். ரிவர்ஸரை (முன்னே போவதா பின்னே போவதா என்று மாற்றும் கைப்பிடி) நடுவில் வைத்து, வடிகால்களைத் திறந்து, ரெகுலேட்டரை இம்மியளவு திறக்கவும். வடிகாலில் நீராவி வந்தால் வால்வு தேய்ந்திருக்கிறது. வராவிட்டால் ரிவர்ஸரை முழுதும் முன்னே தள்ளுங்கள். ஒரு வடிகாலில் மட்டும் வருவதே சரி. இரண்டிலும் வந்தால் பிஸ்டன் வளையம்.

“எண்ணெய் கருகும் வாசனை”

சக்கர அச்சு சுழலும் ஆக்ஸில் பெட்டி சூடாகிறது. எண்ணெயை மேலிருந்து கீழே இறக்குவது ஒரு கம்பளி நூல் திரி. இன்ஜின் நின்றாலும் அது சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் இரவில் வெளியே எடுத்துவைப்பார்கள். காலையில் திரும்ப வைக்க மறந்தது ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர்: மழையோ கழுவிய நீரோ மூடி வழியே இறங்கினால் எண்ணெய்க்கு அடியில் தங்கும், திரி எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். மேலே பார்த்தால் எண்ணெய் நிறைந்தே தெரியும். பீச்சாங்குழல் மாதிரியான சிரிஞ்சால் அடியிலிருந்து உறிஞ்சிப் பார்த்தால்தான் வெளிப்படும்.

சூடான பெட்டி மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. அச்சில் விரிசல் விழும். தடித்த சிலிண்டர் எண்ணெய் விட்டு, நடை வேகத்தில் அடுத்த ஸ்டேஷன்வரை கொண்டுபோய் ஒதுக்குங்கள்.

“சக்கரம் வழுக்குகிறது”

இலையுதிர் காலத்தில் ஈர இலை தண்டவாளத்தில் அரைந்து சோப்பாகிவிடும். மணலை வழுக்குமுன் போட வேண்டும். சுழலும் சக்கரத்துக்கு அடியில் மணல் போனால் அது சட்டென்று பிடித்து இணைப்புத் தண்டை வளைக்கும். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். அது சிக்கிக்கொண்டால் ரிவர்ஸரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மணல் விழாவிட்டால் குழாய் முனையைத் தட்டுங்கள், ஈரமணல் கெட்டியாகியிருக்கும்.

பழுது ஏட்டில் எழுதும்போது

ஊகத்தை எழுதாமல் பார்த்ததை எழுதுங்கள். “வலது இன்ஜெக்டர் மோசம்” என்று எழுதினால் ஷெட்டில் இருப்பவர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். “வலது இன்ஜெக்டர், காலையில் சரி, ஓக்வர்த் ஸ்டேஷனுக்குப் பிறகு பிடிக்கவில்லை, திறக்குமுன்னே உடம்பு சூடு, டாங்க் குளிர்ச்சி, தட்டியதும் ஒருமுறை பிடித்தது” என்று எழுதினால் அவர் நேரே ஒருவழி வால்வைக் கழற்றுவார். வார நாளில் வேறு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் ஷெட்டுக்கு வரும் ஆள் அவர். அவருக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான்.